இரட்டைப் பிணைப்பு வலுவானது என்றால் ஆல்கீன் ஏன் சும்மா இருப்பதில்லை?

பதினோராம் வகுப்பில் ஹைட்ரோகார்பன் பாடம் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது: "கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 347 கிலோஜூல் வேண்டும், இரட்டைப் பிணைப்பை உடைக்க 611 வேண்டும் என்று அட்டவணையில் இருக்கிறது. அப்படியானால் ஆல்கீன்தானே அசையாமல் இருக்க வேண்டும்? ஆனால் புரோமின் நீரை ஊற்றினால் ஆல்கேன் பேசாமல் இருக்கிறது, ஆல்கீன் உடனே வினைபுரிகிறது. இது எப்படி?"

அருமையான கேள்வி. (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன்களில், கார்பன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு மட்டும் இருந்தால் ஆல்கேன், இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஆல்கீன்.) கரிம வேதியியல் நடத்தத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதைக் கேட்காத மாணவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும். "ஆல்கீன் நிறைவுறாதது, அதற்கு இன்னும் ஹைட்ரஜன் தேவைப்படுகிறது, அதனால் வினைபுரிகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவது வகுப்பறை வழக்கம். அது விளக்கமே இல்லை, பெயரைத் திருப்பிச் சொல்வது. மூலக்கூறுக்குப் பசியும் கிடையாது, தேவையும் கிடையாது. நீங்கள் எடுத்துக்காட்டிய அதே எண்களை வைத்துக்கொண்டே பதிலைத் தொடங்கலாம்.

ஒற்றைப் பிணைப்பு 347. அதே மாதிரி இன்னொன்று சேர்ந்ததுதான் இரட்டைப் பிணைப்பு என்றால் 694 வர வேண்டும். வரவில்லை, 611தான் வருகிறது. முதல் பிணைப்புக்கு 347ஐக் கழித்துவிட்டால் இரண்டாவதற்கு மிஞ்சுவது 264. ஆக, சமமான இரண்டு கோடுகளாக நாம் போடும் படம்தான் உங்களைக் குழப்பியிருக்கிறது. ஒரு கோடு வலுவானது, இன்னொன்று அந்த அளவு வலுவில்லாதது. வினை நடக்கும்போது இரண்டையும் சேர்த்து யாரும் உடைப்பதில்லை. வலுக்குறைந்த அந்த ஒன்று மட்டும் போகிறது, மற்றது அப்படியே நிற்கிறது. ஆகவே 347ஓடு ஒப்பிட வேண்டியது 611ஐ அல்ல, 264ஐ. ஆல்கேனில் அந்த மாதிரி மலிவாகப் பிரியும் பிணைப்பு எதுவும் இல்லை. அங்கே கார்பன்-கார்பன் 347, கார்பன்-ஹைட்ரஜன் ஏறக்குறைய 413, அவ்வளவுதான்.

இது தோராயக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டே கார்பன் உள்ள ஆல்கீனான ஈத்தீனின் முதல் பிணைப்பும், அதே இரண்டு கார்பன் உள்ள ஆல்கேனான ஈத்தேனின் ஒற்றைப் பிணைப்பும் அச்சு அசலாக ஒன்றல்ல, ஈத்தீனில் உள்ளது கொஞ்சம் வலுவானது. ஆனால் வேறொரு வழியில் சரிபார்க்கலாம். ஈத்தீன் மூலக்கூறை நடுவில் பிடித்து முறுக்கினால் அந்த இரண்டாவது பிணைப்பு மட்டும் குலையும். அப்படி முறுக்க ஆகும் ஆற்றல் ஏறக்குறைய 270 கிலோஜூல். இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வருகிறது.

இனி வரவு-செலவு பார்ப்போம். ஈத்தீனோடு ஹைட்ரஜன் சேர்ந்து ஈத்தேன் ஆகிறது. செலவு: இரண்டாவது பிணைப்பை உடைக்க 264, ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க 436, மொத்தம் 700. வரவு: புதிதாக இரண்டு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள், 413 இரண்டு தடவை, 826. மிச்சம் 126 கிலோஜூல் வெப்பமாக வெளியே வர வேண்டும். பரிசோதனையில் அளந்தால் 137 வருகிறது. சராசரி எண்களை வைத்துப் போட்ட கணக்குக்கு இது நல்ல பொருத்தம். ஆல்கீன்கள் செய்யும் சேர்ப்பு வினைகள் பெரும்பாலும் இதே பேரம்தான்: ஒரு பலவீனமான பிணைப்பையும் வெளியிலிருந்து வந்த ஒரு பிணைப்பையும் கொடுத்து, வலுவான இரண்டு பிணைப்புகளை வாங்கிக்கொள்வது.

பல பிணைப்பு இருந்தாலே வினைபுரியும் என்று பொதுவாக நினைத்துவிடக் கூடாது என்பதற்கு நைட்ரஜன் நல்ல சாட்சி. நைட்ரஜன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் ஏறக்குறைய 160, முப்பிணைப்பின் ஆற்றல் 945. மூன்று மடங்கு இல்லை, ஆறு மடங்கு. அங்கே முப்பிணைப்பை விட்டுக்கொடுத்து ஒற்றைப் பிணைப்புகளை வாங்கினால் நஷ்டம். அதனால்தான் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தும் அது நம் மூச்சில் போய்விட்டு மாறாமல் திரும்பி வருகிறது. கார்பனுக்குக் கணக்கு தலைகீழ். இரட்டை என்பது இரண்டு மடங்குக்குக் கீழே நிற்பதுதான் ஆல்கீன்களின் கதைக்கெல்லாம் அடிப்படை.

சரி, லாபம் இருக்கிறது என்பது பாதி பதில்தான். அடுப்புக்கு வரும் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் புரோப்பேனும் பியூட்டேனும், அதாவது ஆல்கேன்கள். அவை ஆக்சிஜனோடு சேர்ந்தால் கிடைக்கும் லாபத்துக்கு அளவே இல்லை. ஒரே ஒரு கார்பன் உள்ள மீத்தேன் எரிந்தாலே மோலுக்கு 890 கிலோஜூல் வெளியே வருகிறது. இருந்தும், பொறி படாதவரை அந்த வாயு காற்றோடு கலந்து சும்மா இருக்கும். ஆக, ஆல்கேன் சோம்பேறியாக இருப்பது லாபம் இல்லாததால் அல்ல, உள்ளே நுழைய வழி இல்லாததால். ஆல்கீனுக்கு லாபமும் உண்டு, வழியும் திறந்திருக்கிறது. அந்த வழி எங்கே இருக்கிறது என்பதுதான் அமைப்பு பற்றிய பாடம்.

ஈத்தேனில் ஒவ்வொரு கார்பனும் நான்கு திசைகளில் நான்கு பிணைப்புகளை நீட்டுகிறது. இடையே உள்ள கோணம் 109.5 டிகிரி. பாடநூல் இதை எஸ்பி3 இனக்கலப்பு என்கிறது. ஒவ்வொரு பிணைப்பிலும் எலக்ட்ரான் இணை இரண்டு அணுக்கருக்களுக்கும் நேர் நடுவே உட்கார்ந்திருக்கிறது. இதுதான் சிக்மா பிணைப்பு. ஈத்தீனில் ஒவ்வொரு கார்பனும் மூன்று சிக்மா பிணைப்புகளை மட்டும் ஒரே தளத்தில், ஏறக்குறைய 120 டிகிரி இடைவெளியில் வைத்துக்கொள்கிறது. இது எஸ்பி2. ஆறு அணுக்களும் ஒரு தாளில் தட்டையாகப் படுத்துவிடுகின்றன. ஒவ்வொரு கார்பனிலும் ஒரு பி-ஆர்பிட்டால், அதாவது எலக்ட்ரான் உலவும் ஒரு பகுதி, மிச்சம் இருக்கிறது, தாளுக்கு மேலும் கீழுமாக. பக்கத்து இரண்டு பி-ஆர்பிட்டால்களும் பக்கவாட்டில் உரசிக்கொண்டு உண்டாக்குவதுதான் பை பிணைப்பு.

வகுப்பில் இரண்டு மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்வேன். நேருக்கு நேர் கையைக் கோத்துக்கொண்டால் அது சிக்மா. கையை விடாமலே ஒருவர் தன் அச்சில் சுற்றலாம், பிடி போகாது. ஈத்தேனில் ஒரு பாதி இன்னொரு பாதியைப் பொறுத்துச் சுழல 12 கிலோஜூல்தான் தடை, அறை வெப்பத்திலேயே அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. தோளோடு தோள் உரசி நிற்பது பை. ஒருவர் 90 டிகிரி திரும்பினால் உரசல் போய்விடும். உரசும்போதும் அது கைப்பிடி அளவு உறுதி இல்லை. இரண்டு பிணைப்பும் சேர்ந்து இழுப்பதால் கார்பன்கள் நெருங்கிவிடுகின்றன: ஈத்தேனில் 1.54 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி, ஈத்தீனில் 1.34.

இப்போது எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சிக்மா எலக்ட்ரான்கள் இரண்டு அணுக்கருக்களுக்கு நடுவே, உள்ளறைப் பெட்டியில் பூட்டிய நகை மாதிரி. பை எலக்ட்ரான்கள் தளத்துக்கு மேலும் கீழும், அணுக்கருக்களின் இறுக்கமான பிடிக்கு வெளியே, முற்றத்தில் காயப்போட்ட நெல் மாதிரி பரந்து கிடக்கின்றன. முற்றத்து நெல்லுக்குக் கோழி வராமல் இருக்குமா? எலக்ட்ரான் குறைவாக இருந்து அதைத் தேடி அலையும் பொருள்களைத்தான் எலக்ட்ரான் கவர் பொருள்கள் என்கிறோம். அமிலத்தின் புரோட்டான், புரோமின், ஓசோன், பொட்டாசியம் பெர்மாங்கனேட் எல்லாம் வந்து இறங்குவது அந்த முற்றத்தில்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எலக்ட்ரான் நிறைய வைத்திருக்கும் ஹைட்ராக்சைடு மாதிரி ஒன்று வந்தால் ஈத்தீன் அதைக் கண்டுகொள்வதே இல்லை. சாதாரண ஈத்தீனைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியாகக் குமிழிடச் செய்தால் போன மாதிரியே வெளியே வரும். "ஆல்கீன் எல்லாவற்றோடும் வினைபுரியும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைப்பது தப்பு. கொதிநிலை போன்ற பண்புகளிலும் இரண்டு குடும்பத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஈத்தேன் மைனஸ் 89 டிகிரியில் கொதிக்கிறது, ஈத்தீன் மைனஸ் 104இல். இரண்டும் நீரில் சரியாகக் கரையாது.

புரோமின் சோதனையை ஒருமுறை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு சோதனைக் குழாய்கள். ஒன்றில் சைக்ளோஹெக்ஸேன் என்ற ஆல்கேன், இன்னொன்றில் சைக்ளோஹெக்ஸீன் என்ற ஆல்கீன். இரண்டும் நிறமில்லாத திரவங்கள், இரண்டிலும் ஆறு கார்பன், வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் கொஞ்சம் புரோமின் நீர் ஊற்றி, மூடி, குலுக்கவும். சைக்ளோஹெக்ஸீன் குழாயில் ஆரஞ்சு நிறம் குலுக்கும்போதே போய்விடும். சைக்ளோஹெக்ஸேன் குழாயில் நடப்பதைத்தான் மாணவர்கள் தவறாக எழுதுகிறார்கள். அங்கே ஒன்றுமே நடக்காது என்பதில்லை: கீழே இருந்த நீரின் நிறம் வெளுத்து, மேலே மிதக்கும் சைக்ளோஹெக்ஸேன் அடுக்கு ஆரஞ்சாகும். நீரைவிட அதில் புரோமின் நன்றாகக் கரைகிறது, அதனால் இடம் மாறியிருக்கிறது. கரைவது வேறு, வினைபுரிவது வேறு. அந்தக் குழாயை வெயில் விழும் ஜன்னலில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக மேல் அடுக்கின் நிறமும் மங்கும். நீர் சேர்க்காமல் செய்தால், குழாயின் வாயில் பிடித்த ஈரமான நீல லிட்மஸ் தாள் சிவக்கும். ஹைட்ரஜன் புரோமைடு வெளியேறுகிறது என்று அர்த்தம்.

இரண்டு குழாயிலும் நிறம் போனாலும், போன விதம் வேறு. வெயிலில் புரோமின் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து, ஒற்றை எலக்ட்ரானோடு இருக்கும் புரோமின் அணுக்கள் உண்டாகின்றன. இவைதான் தனி உறுப்புகள். அவற்றில் ஒன்று ஆல்கேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது, காலியான இடத்தில் இன்னொரு புரோமின் உட்காருகிறது, ஒன்று போய் ஒன்று வருகிறது. இது பதிலீட்டு வினை. ஆல்கேனின் கார்பனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரானை ஏறக்குறைய சமமாக இழுப்பதால் அதில் நேர்மின் முனை, எதிர்மின் முனை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. உபரி எலக்ட்ரானும் இல்லை, காலியிடமும் இல்லை. சாவி போடத் துவாரமே இல்லாத கதவு அது. வெயிலோ, வெப்பமோ, பொறியோ வந்து ஒரு தனி உறுப்பை உண்டாக்கினால் மட்டும் அந்தக் கதவு உடைபடும்.

ஆல்கீன் பக்கம் வெளிச்சமே வேண்டாம். புரோமின் மூலக்கூறு பை எலக்ட்ரான் மேகத்தை நெருங்கும்போது, அந்த மேகம் புரோமினின் எலக்ட்ரான்களைத் தள்ளிவிடுகிறது. கிட்டே இருக்கும் புரோமின் முனை கொஞ்சம் நேர்மின் தன்மை பெறுகிறது. பை எலக்ட்ரான்கள் அதைப் பற்றிக்கொள்ள, மற்ற புரோமின் எதிர் அயனியாகக் கழன்று போகிறது. பற்றிக்கொண்ட புரோமின் இரண்டு கார்பன்களுக்கும் பாலம் போட்ட மாதிரி ஒரு மூவணு வளையமாக உட்காருகிறது. புரோமோனியம் அயனி என்ற இந்த யோசனையை 1937இல் ராபர்ட்ஸும் கிம்பலும் முன்வைத்தார்கள். பாலம் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டதால் அடுத்து வருபவர் மறுபக்கமாகத்தான் வர முடியும். சைக்ளோஹெக்ஸீனில் இரண்டு புரோமினும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் டிரான்ஸ் சேர்மமே கிடைப்பது இதனால்தான்.

வினை இரண்டு படியில் நடக்கிறது என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த ஆதாரம் ஒன்று உண்டு. சாப்பாட்டு உப்பு கரைத்த நீரில் புரோமினையும் ஈத்தீனையும் சேர்த்தால், ஒரு கார்பனில் புரோமினும் மற்றதில் குளோரினும் உள்ள சேர்மமும் கொஞ்சம் கிடைக்கிறது. ஆனால் இரண்டிலும் குளோரின் உள்ள சேர்மம் கிடைப்பதே இல்லை. உப்பின் குளோரைடு தானாகப் போய் ஈத்தீனைத் தொட முடியாது. புரோமின் முதலில் போய் வழி திறந்த பிறகுதான் அது உள்ளே வருகிறது. இதே காரணத்தால், வெறும் புரோமின் நீரில் நிறம் போகும்போது அதிகம் உண்டாவது இரண்டு புரோமின் சேர்ந்த பொருள் அல்ல. சுற்றிலும் இருப்பது நீர்தானே, இரண்டாவதாக வந்து உட்காருவது பெரும்பாலும் அதுதான். 2-புரோமோஎத்தனால் கிடைக்கிறது. பள்ளிப் பாடத்தில் டைபுரோமோ என்று எழுதுகிறார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நீரில்லாக் கரைப்பானுக்கு அது சரி.

குளோரினோடு நடக்கும் இதே சேர்ப்பு வினையிலிருந்துதான் ஆல்கீனின் பழைய பெயரும் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நான்கு டச்சு வேதியியலாளர்கள் ஈத்தீன் வாயுவோடு குளோரினைக் கலந்தபோது எண்ணெய் மாதிரி ஒரு திரவம் கிடைத்தது. "எண்ணெய் உண்டாக்கும் வாயு" என்று ஈத்தீனுக்குப் பெயர் வந்து, பிறகு குடும்பம் முழுவதற்கும் ஒலிஃபின் என்று ஆகிவிட்டது. ஆல்கேனுக்குப் பாரஃபின் என்பது பழைய பெயர். 1830இல் ரைஷன்பாக் மரத்தாரிலிருந்து பிரித்த மெழுகு எதனோடும் சேராமல் இருந்ததால், "ஒட்டுறவு குறைந்தது" என்ற பொருள்படும் லத்தீன் சொற்களைச் சேர்த்து அவர் வைத்த பெயர் அது. இரண்டு குடும்பத்தின் குணமும் பெயரிலேயே இருக்கிறது. அணு அமைப்பு தெரியாத காலத்தில், கைகளால் செய்து பார்த்தே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

சமச்சீர் இல்லாத ஆல்கீன் வந்தால் இன்னொரு கேள்வி எழும்: எது எங்கே சேரும்? புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் புரோமின் நடுக் கார்பனுக்குப் போகிறது, ஹைட்ரஜன் ஓரத்துக்குப் போகிறது. ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனுக்கே புது ஹைட்ரஜனும் போகும் என்று 1870ஆம் ஆண்டுவாக்கில் ரஷ்யாவின் மார்கோனிகாஃப் சொன்னார். பணம் பணத்தோடு சேரும் என்பது போல என்று சொன்னால் வகுப்பில் யாரும் மறப்பதில்லை. ஆனால் மனப்பாடம் போதாது, காரணம் தெரிய வேண்டும். புரோட்டான் ஓரத்தில் ஒட்டினால் நேர்மின் சுமை நடுக் கார்பனில் விழும். அங்கே இரண்டு பக்கமும் மெத்தில் (CH3) தொகுதிகள் எலக்ட்ரானைக் கொஞ்சம் தள்ளி அந்தச் சுமையைத் தாங்குகின்றன. மாறாக நடுவில் ஒட்டினால் சுமை ஓரத்துக் கார்பனில் தனியாக நிற்க வேண்டும். எது எளிதோ அந்த வழியில் வினை போகிறது.

இந்த விதி சில நேரம் பொய்த்தது பல வருடம் குழப்பமாகவே இருந்தது. ஒரே வினையைச் செய்தால் ஒருவருக்கு ஒரு விடை, மற்றவருக்கு வேறு விடை. 1933இல் சிகாகோவில் காரஷும் மேயோவும் அல்லைல் புரோமைடு என்ற ஆல்கீனோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்து இதைத் தீர்த்தார்கள். புதிதாகச் சுத்தம் செய்ததை எடுத்தால் விதிப்படி வருகிறது, மெதுவாக. காற்றுப்பட்டுப் பழையதானதை எடுத்தால் தலைகீழாக வருகிறது, வேகமாக. காற்றின் ஆக்சிஜன் போட்டு வைத்த சிறிதளவு பெராக்சைடுதான் காரணம். அது தனி உறுப்பு வழியைத் திறந்துவிடுகிறது. முதலில் போய் ஒட்டுவது புரோட்டானுக்குப் பதில் புரோமின் அணு என்று ஆகிவிடுவதால் விடை மாறுகிறது. ஆல்கீன் எலக்ட்ரான் கவர் பொருளுக்கு மட்டுமல்ல, தனி உறுப்புக்கும் எளிதாக இடம் கொடுக்கும் என்பது இதில் தெரிகிறது.

லாபமும் இருந்து, ஆல்கீனும் இருந்து, வினை நடக்காத இடம் ஒன்றும் உண்டு. ஈத்தீனையும் ஹைட்ரஜனையும் ஒரு குடுவையில் அடைத்து வைத்தால், 137 கிலோஜூல் லாபம் கண் முன்னே இருந்தும், அவை அப்படியே இருக்கும். ஹைட்ரஜன் மூலக்கூறு எலக்ட்ரானைத் தேடி வரும் ரகம் இல்லை. நிக்கல் தூள் மேல் இரண்டையும் செலுத்தினால் உடனே ஈத்தேன் ஆகும் என்று 1897இல் பிரான்சில் சபாட்டியர் கண்டார். நிக்கலின் பரப்பில் ஹைட்ரஜன் அணு அணுவாகப் பிரிந்து உட்காருகிறது, ஆல்கீனும் தன் பை எலக்ட்ரான்களால் அங்கே ஒட்டிக்கொள்கிறது. 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நிக்கல் நம் சமையலறை வரைக்கும் வந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கிறது, பக்கத்திலேயே சூரியகாந்தி எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்றவை, ஆல்கேன் மாதிரியான நீளச் சங்கிலிகள். சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பாலானவற்றில் இரட்டைப் பிணைப்பு உண்டு, அதுவும் சிஸ் அமைப்பில். பை பிணைப்பு சுழல விடாது என்று பார்த்தோம். அதனால் சங்கிலியின் இரண்டு கைகளும் ஒரே பக்கம் இருந்தால் அப்படியே வளைந்து நிற்க வேண்டியதுதான். வளைந்த சங்கிலிகளை நெருக்கி அடுக்க முடியாது, ஆகவே திரவம். பதினெட்டுக் கார்பன் உள்ள மூன்று அமிலங்களைப் பாருங்கள். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் ஏறக்குறைய 69 டிகிரியில் உருகும். நடுவில் ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலியிக் அமிலம் 13 டிகிரியில் உருகிவிடும். அதே இடத்தில் அதே பிணைப்பு டிரான்ஸாக இருக்கும் எலெய்டிக் அமிலம் 45 டிகிரி. டிரான்ஸ் சங்கிலி கிட்டத்தட்ட நேராக இருக்கிறது, அடுக்க முடிகிறது.

எண்ணெயை நிக்கலோடு ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்குவதற்கு 1902இல் ஜெர்மனியில் நார்மன் காப்புரிமை வாங்கினார். வனஸ்பதி அப்படி வந்ததுதான். முழுக்க ஏற்றினால் மெழுகுபோல ஆகிவிடும் என்பதால் பாதியில் நிறுத்துவார்கள். அங்கேதான் சிக்கல். நிக்கல் மேல் ஒரு ஹைட்ரஜன் மட்டும் சேர்ந்த நிலையில் பை பிணைப்பு இல்லை, சங்கிலி சுழலலாம். இரண்டாவது ஹைட்ரஜன் சேராமல் முதலாவது திரும்பிக் கழன்றுவிட்டால் இரட்டைப் பிணைப்பு மறுபடி உண்டாகும், ஆனால் பல நேரம் டிரான்ஸாக. இதயத்துக்குக் கெடுதல் என்று சொல்லப்படும் டிரான்ஸ் கொழுப்பு இப்படித்தான் உருவாகிறது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது.

இரட்டைப் பிணைப்பு தான் மட்டும் வினைபுரிவதோடு நிற்பதில்லை, பக்கத்து வீட்டையும் பலவீனமாக்குகிறது. இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜனை எடுத்தால் மிஞ்சும் ஒற்றை எலக்ட்ரான் பை மேகத்தோடு சேர்ந்து பரவிக்கொள்கிறது. அதனால் அந்த ஹைட்ரஜன் வழக்கத்தைவிட எளிதாகக் கழலும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிய கார்பன் என்றால் இன்னும் எளிது. காற்றின் ஆக்சிஜன் அங்கேதான் நுழைகிறது. திறந்து வைத்த எண்ணெயில் காறல் வாடை வருவதும், அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசுக்கு படிவதும் இதனால்தான். முதல் நாள் அது வெறும் எண்ணெய், துணியால் துடைத்தால் போகும். நாளாக ஆகச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்து வலையாகிவிடுகின்றன.

அதே வேதியியலை நம் வீட்டில் வேண்டுமென்றே செய்வதும் உண்டு. புது இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, துடைத்து, மறுபடி தடவி, நாள் கணக்கில் பழக்குவார்கள். நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரட்டைப் பிணைப்பு உள்ளவை. சூட்டில் அவை ஆக்சிஜனோடு சேர்ந்து கோத்துக்கொண்டு கல்மேல் கருத்த, வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. நிறைவுற்ற சங்கிலிகளே நிறைந்த தேங்காய் எண்ணெய்க்கு இந்த வேலை அவ்வளவாக வராது.

ரப்பர் பேண்டை இழுத்து எதிலாவது மாட்டி வைத்தால் சில மாதத்தில் குறுக்கே வெடிப்பு விழும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்தைச் சீவி எடுக்கும் ரப்பரில் ஐந்து கார்பனுக்கு ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, காற்றில் துளியளவே உள்ள ஓசோன் அதைத் தேடிப் பிடித்து வெட்டுகிறது. பாலித்தீனை ஓசோன் அப்படிக் கடிப்பதில்லை. பெயரில் "ஈன்" இருப்பதைப் பார்த்து அதை ஆல்கீன் என்று தேர்வில் எழுதுபவர்கள் நிறைய. 1933 மார்ச்சில் இங்கிலாந்தில் ஃபாசெட்டும் கிப்சனும் மிக அதிக அழுத்தத்தில் ஈத்தீனை வேறொன்றோடு வினைபுரிய வைக்கப் பார்த்தபோது, கலத்தில் வெள்ளை மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. ஈத்தீன் மூலக்கூறுகள் தங்கள் பை பிணைப்பை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று சிக்மாவால் கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாகியிருந்தன. ஆக, ஈத்தீனிலிருந்து செய்தது என்பதால் அந்தப் பெயர், உள்ளே இருப்பதோ ஆயிரக்கணக்கான கார்பன் கொண்ட ஆல்கேன். முதலில் சொன்ன அதே பேரத்தை ஈத்தீன் தனக்குள்ளேயே செய்துகொண்டுவிட்டது, இனி விட்டுக்கொடுக்கப் பை பிணைப்பு எதுவும் மிச்சமில்லை. பாலித்தீன் பை குப்பையில் மட்காமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக ஒரு உதாரணம், இதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது பழைய வழக்கம். புகையில் கொஞ்சம் ஈத்தீன் உண்டு. பழமும் தானாகவே ஈத்தீனை வெளிவிடுகிறது என்று 1934இல் இங்கிலாந்தில் கேன் நிரூபித்தார். மாம்பழத்தை அரிசிப் பானைக்குள் புதைப்பது அந்த வாயு வெளியே போகாமல் தேங்கி நிற்கத்தான். செடியின் செல்லில் இந்த வாயுவை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது, அதன் நடுவே ஒரு செம்பு அயனி. ஈத்தீனின் பை எலக்ட்ரான்கள் போய் அந்தச் செம்பில் பொருந்தும்போதுதான் பழுக்கலாம் என்ற செய்தி செல்லுக்குப் போகிறது. கார்பைடு கல் போட்டால் வரும் அசிட்டிலீனிலும் பை பிணைப்பு இருப்பதால் காய் ஏமாந்துபோகிறது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்படம் இருப்பதால் பழத்துக்குப் பயன்படுத்த இந்தியாவில் தடை, அதற்குப் பதில் கட்டுப்பாடான அளவில் ஈத்தீன் வாயுவையே விட அனுமதி உண்டு. ஈத்தேனும் அதே இரண்டு கார்பன்தான், கிட்டத்தட்ட அதே எடைதான். ஆனால் செம்பு பிடித்துக்கொள்ள அதில் வெளியே நீட்டிய எலக்ட்ரான் எதுவும் இல்லை. அறை முழுக்க ஈத்தேனை நிரப்பினாலும், அது வந்தது வாழைக்காய்க்குத் தெரியாது.